வண்டி புறப்படுமுன் போடவேண்டிய ஊசி

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், குடாநாட்டிலும் தீவகத்திலும் உள்ள சிறிய வைத்தியசாலைகளின் பொறுப்பு வைத்திய அதிகாரிகளுக்கும்,

மதிப்புக்குரியீர்,

முப்பது வருடத்துக்கு மேல் பிரசவ விடுதிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். பிறசர் ஏறிக் கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்பைத் தடுக்கின்ற மகனீசியம் சல்பேற்று ஊசி, வேண்டிய நேரத்தில் அலுமாரிக்குள்ளேயே கிடந்துவிடுவதைப் பற்றி எழுதுகிறேன்.

தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் நாங்கள் இருந்த சிறிய வைத்தியசாலைக்கு வந்தாள். முதல்நாள் தொட்டுத் தலையிடி. “கண்ணுக்குள்ளை மின்னுது மிஸி” என்றாள். பிறசர் 170க்கு 110. சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தபோது பால் திரைவதுபோல் திரைந்தது. வருத்தம் எதுவென்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி, வாகனத்துக்காக அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஊசியை மட்டும் போடவில்லை. மூச்சு நின்றுவிட்டால் யார் பொறுப்பு என்ற பயந்தான் காரணம். பாதி வழியில் வலிப்பு வந்தது. தாய் தன் இடுப்பிலிருந்த திறப்புக்கோர்வையை மகளின் கைக்குள் திணித்துப் பொத்திப் பிடித்திருந்தாள், நான் அவளை இடப்பக்கம் சரித்துப் பிடித்திருந்தேன். பெண் தப்பினாள், பிள்ளை தங்கவில்லை.

இந்த மருந்தின் பயன் ஐயத்துக்குரியதன்று. நாங்கள் படித்த காலத்தில் வலிப்புக்கு வழக்கமாகக் கொடுத்த மருந்து டயசிபாம். 1995இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, மீண்டும் வலிப்பு வருவதைத் தடுப்பதில் டயசிபாமையும் பெனிற்றோயினையும்விட மகனீசியமே மேல் என்று காட்டியது. 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ‘மக்பை’ ஆய்வில், வலிப்பு வருமுன்பே மகனீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு ஏற்படும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இது பிறசரை இறக்கும் மருந்தன்று. அதற்குரிய மருந்தைத் தனியே கொடுத்தேயாகவேண்டும்.

பயத்துக்குக் காரணம் இல்லையென்று சொல்லமாட்டேன். அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும். ஆயினும் அதற்கு முன்பே முழங்காலின் துடிப்பு இல்லாமற்போய்விடும் என்பதால், முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டும்போது கால் உதறுகிறதா என்று பார்ப்பதே எங்கள் காவல்; சுத்தியல் இல்லாத இரவுகளில் நான் உள்ளங்கையின் ஓரத்தால் தட்டியிருக்கிறேன். நிமிடத்துக்குப் பதினாறு மூச்சுக்குக் குறையாமலும், நான்கு மணித்தியாலத்தில் 100 மில்லி லீற்றருக்குக் குறையாமல் சிறுநீர் போவதாகவும் இருந்தால்தான் அடுத்த ஊசி. மருந்து சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. மூச்சு தளர்ந்தால் மாற்று மருந்து கல்சியம் குளுக்கோனேற்று, ஒரு கிராம், மெதுவாக.

உண்மையில் கையை நடுங்கவைப்பது கணக்குத்தான். 50 சதவீதக் கரைசலில் எட்டு மில்லி லீற்றர் என்றால் நான்கு கிராம். அதை 20 மில்லி லீற்றராக ஐதாக்கி, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் நாளத்தில் ஏற்றவேண்டும், பின்னர் ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து கிராம். நடுச்சாமத்தில் தனியே நிற்கும் தாதிக்கு இந்தக் கணக்கை மனத்தில் போடும் வேலை எதற்கு? மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. ஊசி, கல்சியம், முழங்காற் சுத்தியல் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து, மூடியின் உட்புறத்தில் இந்த அளவுகளைத் தமிழில் ஒட்டிக்கொடுங்கள்.

முழுச் சிகிச்சையும் கொடுக்க வசதியில்லாத இடத்தில், முதல் அளவைப் போட்டுவிட்டு உடனே மேல் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் வரை கடலில் வந்து, பிறகும் தரைவழியே யாழ்ப்பாணம் வரவேண்டிய ஒருத்திக்கு இதன் பொருள் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்த பின்னும் இந்த வலிப்பு வரலாம். ஆகவே வீடு போகும் தாயின் வீட்டாரிடம், தலையிடியும் கண் மின்னலும் கண்டால் திறப்பைத் தேடாமல் வாகனத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கடைசியாக, அனுப்பும் துண்டில் ஒரு கட்டம் கேட்கிறேன்: மகனீசியம் போட்ட நேரம், அளவு, முழங்கால் துடிப்பு. அது இல்லாததால், பெரியாஸ்பத்திரியில் பொறுப்பேற்பவர் முதல் அளவு போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டு நின்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.