கை வெட்டிய கதை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தாஜ்மகால் கட்டுரையைப் படித்தேன். மும்தாஜ் 1631-ல் பதினான்காவது பிரசவத்தில் புர்ஹான்பூரில் இறந்தது, தப்தி ஆற்றங்கரைத் தோட்டத்தில் முதலில் அடக்கம் செய்தது, அப்புறம் உடலை ஆக்ராவுக்குக் கொண்டுபோனது எல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. இதுபோல இன்னொன்றை யாரும் கட்டிவிடக் கூடாது என்று ஷாஜகான் வேலையாட்களின் கைகளை வெட்டிவிட்டாராம். எந்த ஆதாரத்தை வைத்து எழுதினார்கள்?

நான் கொத்தனார். ஊர் வேதாளை. மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று இந்தக் கடற்கரையிலேயே கரண்டி பிடித்துக் காலம் தள்ளியவன். அரண்மனைக் கதையை யார் எப்படிச் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கதையைச் சரிபார்க்காமல் போட்டால் சும்மா இருக்க முடியவில்லை.

தாஜ்மகால் வேலையை மேற்பார்வை பார்த்தவர்களில் ஒருவர் மக்ரமத் கான். கட்டடத்தை வகுத்தவர் உஸ்தாத் அகமது லாகோரி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1639-ல் டில்லியில் செங்கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார்கள், அந்த வேலையும் இவர்களிடம்தான் வந்தது. இரண்டு கட்டடமும் தன் தகப்பனார் கட்டியவைதான் என்று லாகோரியின் மகன் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். நல்ல ஆள் கிடைத்தால் எந்த முதலாளியும் அடுத்த வேலைக்கும் அவனைத்தான் கூப்பிடுவான். ஷாஜகானுக்குக் கட்டடப் பைத்தியம் வேறு. கையை வெட்டிவிட்டு டில்லியில் யாரை வைத்துக் கட்டுவார்?

என் மகன் ராணுவத்தில் டில்லியில் இருந்தபோது எங்களை ஆக்ராவுக்குக் கூட்டிப்போனான். எல்லோரும் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாசலைச் சுற்றி ஓடும் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் மாடி முகப்பில் சிமெண்டில் வீட்டுப் பெயரும் வருஷமும் எழுதுவோம். பலகையில் வரையும்போது பெரிதாகத் தெரிகிற எழுத்து, மேலே ஏற்றியதும் சிறுத்துப்போகும். அங்கே கீழே உள்ள எழுத்தும் உச்சியில் உள்ள எழுத்தும் ஒரே அளவாகத் தெரிகின்றன. உயரம் போகப் போக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். வெள்ளைப் பளிங்கைக் குடைந்து, கறுப்புக் கல்லை அந்த வளைவுக்கு ஏற்றபடி வெட்டிப் பதித்த வேலை அது. விரலை ஓட்டிப் பார்க்க ஆசை, காவலர் விடவில்லை.

அதை எழுதியவர் ஈரானிலுள்ள ஷிராஸிலிருந்து வந்த அமானத் கான். ஷாஜகான் அவரைத் தன் பெயரை உள்ளே பொறித்துக்கொள்ள விட்டிருக்கிறார். அதன் கீழே இருக்கும் வருஷக் கணக்கு நம் கணக்கில் 1638–39. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அவர் பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் ஒரு சத்திரம் கட்டி, அதன் வாசலிலும் தானே எழுதியிருக்கிறார். அந்த ஊருக்கு இன்றும் சராய் அமானத் கான் என்றுதான் பெயர். கட்டுரை எழுதியவர் இந்த ஒரு ஊரை விசாரித்திருந்தாலே போதும்.

அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுவும் எனக்குக் குறைதான். எங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே மணல் சரியும், உப்புத்தண்ணீர் ஊறும். ஆற்றோரத்தில் கனமான கட்டடம் எழுப்புவது அதைவிடச் சள்ளை பிடித்த வேலை. யமுனைக் கரையில் கிணறு கிணறாக இறக்கி, உள்ளே கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பி, அதன் மேல்தான் மேடை கட்டியிருக்கிறார்கள். என் தகப்பனார் காலத்தில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைப்பார்கள். நானும் சிறு வயதில் அந்த அரைக்கும் கல்லைத் தள்ளிக் கொடுத்திருக்கிறேன், தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் அந்தக் கிணறுகளுக்குள் எவ்வளவு பேருடைய உழைப்பு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபதாயிரம் பேர் வேலை பார்த்ததாகப் பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே எழுதியிருக்கிறார். அத்தனை பேர் கையை வெட்டியிருந்தால் அதையும் எழுதாமலா விட்டிருப்பார்? அரசவை வரலாற்றிலும் இல்லை.

இன்னொன்று. 1652-ல் ஔரங்கசீப் தன் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய குவிமாடத்தின் வடபக்கம் மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்று இருக்கிறது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தளம் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் ஐப்பசி மழையில் ஆள் அனுப்புவது நினைவுக்கு வந்தது. ஒழுகினால் அடைக்கக் கொத்தனார் வேண்டும், கொத்தனாருக்குக் கை வேண்டும்.

மாஸ்கோவில் ஒரு தேவாலயத்தைக் கட்டியவரின் கண்ணைப் பறித்ததாகவும் இதே மாதிரி கதை உண்டு. பெரிய கட்டடம் எங்கே இருந்தாலும் இப்படி ஒரு கதையை ஒட்டவைத்து விடுகிறார்கள்.

ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் இணையப் பதிப்பிலிருந்தாவது அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு என் பேத்தி அதைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால், "பேப்பரிலேயே போட்டிருக்கிறது தாத்தா" என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
வேதாளை, ராமநாதபுரம் மாவட்டம்.