திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டின் செயல்பாட்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு முழுவதையும் அசைவூட்டப் (அனிமேஷன்) படங்களுக்கே ஒதுக்குவது என்று சென்ற பொதுக்குழு முடிவெடுத்தபோது, “பொம்மைப் படம் பார்க்கவா சந்தா கட்டுகிறோம்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அவர் அதன்பின் ஒரு திரையிடலைக்கூடத் தவறவிடவில்லை என்பதையும் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், 1926இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ திரையிடப்பட்டது. லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிப் பலகையின் மேல் கிடத்தி, மேலே பொருத்திய கேமராவால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, எடுத்த இப்படம் முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. தோல்பாவைக் கூத்து நினைவுக்கு வருவதாகப் பலர் சொன்னார்கள். ஒற்றுமை உண்மைதான், ஆனால் கூத்துக்காரர் பாவையை நம் கண்முன் ஆட்டுகிறார், ரைனிகரின் பாவையோ படம் பிடிக்கும் கணத்தில் அசையவே கூடாது.

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறைக்கு 1933இன் ‘கிங் காங்’ படத்தை எடுத்துக்கொண்டோம். அதில் குரங்கின் மயிர் காற்றே இல்லாத இடத்திலும் சிலிர்த்துக்கொண்டிருப்பதை உறுப்பினர்கள் கவனித்தனர். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்திய விரல்கள் அதன் மேல் போர்த்திய முயல்தோலின் மயிரைக் கலைத்ததால் நேர்ந்தது அது. குறை என்றே சொல்ல வேண்டும். எனக்கோ படத்தில் மிகவும் பிடித்தது அதுவே.

கோடை விடுமுறையில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நடத்திய பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன; ஒரு நிலையை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 நிலைகள் போதும் என்பதால், இருபது வினாடிப் படத்துக்கு 240 முறை களிமண் யானையை நகர்த்திக் கைபேசியால் படமெடுத்தோம். கைபேசி தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டதால் முதல் நாள் எடுத்ததெல்லாம் மினுக்மினுக்கென்று துடித்தது. வெளிச்ச அளவு தானாக மாறாதபடி கைபேசியில் பூட்டி வைத்த பின்னும் துடிப்பு நிற்கவில்லை. மேசையருகே நடமாடிய செயலாளரின் வெள்ளை வேட்டியிலிருந்து ஒளி யானை மேல் தெறித்ததைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்டுபிடித்தாள். மறுநாள் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக வந்தேன். விளக்கின் சூட்டில் தும்பிக்கை தொய்ந்ததும், முக்காலியில் ஒரு கால் இடறிச் சுவர் திடீரென்று விரற்கடை அளவு நகர்ந்ததும் படத்தில் அப்படியே இருக்கின்றன. நீக்கக் கூடாதென்று பிள்ளைகள் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள்.

கணினி எல்லாவற்றையும் தானே செய்துவிடும் என்ற எண்ணம் பிக்ஸார் நிறுவனம் உருவாக்கி 1995இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ குறித்த கலந்துரையாடலில் கலைந்தது. முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படமான அதில், உருவத்தை வடித்து, உள்ளே எலும்புக்கூடு போன்ற கட்டமைப்பைப் பொருத்தி, முக்கிய நிலைகளைக் கலைஞர் வகுத்துக் கொடுத்த பிறகே இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்புகிறது; அந்த இடைநிலைகளையும் கலைஞர் திருத்தாவிட்டால் அசைவு நீரில் மிதப்பதுபோல் இருக்கும். ஒளி நிழலோடு இறுதிப் படிமத்தைக் கணக்கிடும் ரெண்டரிங்கிலோ, ஒரே ஃபிரேம் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது உண்டு.

நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் முறைக்கு 2014இன் ‘கோச்சடையான்’ எடுத்துக்காட்டானது. உடலசைவு பிடிபட்ட அளவுக்குக் கண்ணும் உதடும் பிடிபட்டனவா என்ற விவாதம், மண்டபக் காவலர் சாவியை ஆட்டிக் காட்டும் வரை நீண்டது. ஆண்டின் கடைசியாகத் திரையிட்ட ஸ்டாப் மோஷன் படமான ‘கோரலைன்’ (2009) அந்த விவாதத்துக்கு வேறொரு பக்கம் காட்டியது: கணினியில் வடிவமைத்து முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட முகங்களைப் பொம்மைகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்தியவை மனிதக் கைகளே.

வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் பழுதானதால் ஒரு திரையிடல் தள்ளிவைக்கப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சொந்தப் புரொஜெக்டர் வாங்கும் தீர்மானத்தோடு இவ்வறிக்கையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்