முடிச்சு காட்டிய அண்ணனுக்கு நன்றி

பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள் அண்ணே. தூண்டில் நரம்பு பெரும்பாலும் முடிச்சில்தான் அறுகிறது, மீனின் பலத்தால் அல்ல என்று காட்டியதற்கு நன்றி. மற்றவர்களுக்கும் உதவட்டும்: தூண்டில் முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, நுனியை அதே நரம்பின்மேல் 5, 6 சுற்று முறுக்கி, அதைக் கண்ணை ஒட்டிய வளையத்தில் விட்டு, புதிதாக உருவான பெரிய வளையத்திலும் நுழைக்கணும். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்கணும். காய்ந்த நைலான் உரசிச் சூடாகி அங்கேயே பலமிழக்கும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் யோசிக்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

விரால் மீனுக்கு ரப்பர் தவளையைப் போலி இரையாகப் போடுபவர்கள், மீன் பாய்ந்து தண்ணீர் தெறித்ததுமே சுண்டி இழுக்காதீர்கள் (கை சும்மா இருக்காது, தெரியும்). நரம்பு கனத்தபின் இழுங்கள். தவளைக்குள் ஏறிய தண்ணீரை அவ்வப்போது பிழியாவிட்டால் மிதக்காது.

கொடுத்துவிட்டுப் போன முள் பாக்கெட்டுக்கும் சேர்த்து நன்றிண்ணே.