எட்டாம் வாய்க்கால் எல்லைக்கல்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இரத்தத்தில் சீனி பார்த்தாயா? போன முறை 180 என்றாய். இரவு வேலைக்குப் போகிறவன் சாப்பாட்டு நேரத்தை விடக் கூடாது. பங்குனி பிறந்தும் கனடாவில் பனி விடவில்லை என்று செய்தியில் காட்டினார்கள். வாகனத்தை மெதுவாக ஓட்டு.

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். தைப்பொங்கலுக்குப் பிறகு நீ எடுக்கவில்லை. நான் எடுத்தால், "அவர் வேலைக்குப் போட்டார் மாமி" என்று மருமகள் சொல்கிறாள். வேலைதான், எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. குரலைப் பதிந்து அனுப்புங்கோ என்று உன் அக்கா சொன்னாள். அதில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். எழுதி முடித்ததும் அக்காவின் மகள் சின்னவள் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள நினைவுக்கற்கள், மைல் கட்டைகள், பழைய அடையாளங்கள் எல்லாவற்றையும் பார்த்து, அவற்றைக் கொண்டு கிளிநொச்சிக் குடியேற்றத்தின் கதையை எழுத வேண்டுமாம். அக்காவுக்கு வயலை விட்டு வர முடியாது. அதனால் ஓட்டோ பிடித்து என்னையும் அவளையும் இரண்டு சனிக்கிழமை அனுப்பினாள். முழங்கால் வலியோடு நானும் போனேன். போனது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் இரணைமடு. குளக்கட்டில் ஏறினதும் அடிக்கிற அந்தக் காற்றை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா உன்னைத் தோளில் வைத்து வான்கதவு காட்டினபோது உனக்கு நாலு வயது. "இரணை எண்டால் என்ன அம்மம்மா?" என்று சின்னவள் கேட்டாள். இரணைப் பிள்ளை என்கிறோமே, அதுதான், இரட்டை மடு என்றேன். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டத் தொடங்கிய குளம். கட்டி முடிய இருபது வருடமளவு பிடித்தது. பிறகு ஐம்பதுகளில் குளக்கட்டை உயர்த்தினார்கள், எழுபதுகளிலும் உயர்த்தினார்கள். கடைசியாக உயர்த்தித் திறந்தது 2018 மார்கழியில். திறந்து இரண்டு கிழமைக்குள் வந்த வெள்ளத்தில் நம் வயல் மூழ்கியதும், நீ மறுநாளே காசு அனுப்பியதும் உனக்கு நினைவிருக்கும். அந்தக் காசில்தான் அக்கா அடுத்த விதைநெல் வாங்கினாள். ஊரில் எல்லோருக்கும் சொன்னேன், என் மகன் கேட்காமலே அனுப்பினான் என்று. இப்போதும் சொல்கிறேன்.

அங்கிருந்து 155ஆம் கட்டைக்கு வந்தோம். கண்டியில் இருந்து எண்ணி வந்த மைல் கணக்கு அது. கட்டையைத் தேடினோம், என் கண்ணில் படவில்லை. ஆனால் பஸ்ஸில் இன்னும் "நூற்றைம்பத்தைந்து இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊர் முழுக்க அப்படித்தான், பெயரே அடையாளக்கல். கரடி போன வழி கரடிப்போக்குச் சந்தி. வாய்க்காலுக்குப் போட்ட இலக்கமே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று ஊரின் பெயராகி நிற்கிறது. காடாகக் கிடந்த இடத்துக்கு வந்தவர்கள் இலக்கம் சொல்லித்தானே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்திருப்பார்கள். சின்னவள் இதை எழுதிக்கொண்டபோது எனக்கு ஒரே பெருமை. உன்னைப் போலவே கேட்கிறாள், விடாமல்.

டவுனில் நின்ற இடங்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. சண்டையில் விழுந்த தண்ணீர்த்தாங்கியின் கதை உனக்குத் தெரியும். கொங்கிறீட் கட்டியைச் சன்னம் துளைத்திருக்க, மேலே தாமரை பூத்த, இராணுவத்தின் அந்த நினைவுத் தூணையும் நீ 2014இல் வந்தபோது பார்த்தாய். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தாய். சின்னவள் ஒப்படையில் இரண்டையும் சேர்த்திருக்கிறாள், சேர்க்கத்தான் வேண்டும். நான் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. 2009 கடைசிச் சண்டையில் மாத்தளனில் விட்டுவந்ததைப் பற்றி உனக்கும் எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்றை அவளுக்கு அழுத்திச் சொன்னேன். இந்த டவுன் சண்டைக்காக உண்டானது இல்லை. 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் உண்டானது. யாழ்ப்பாணத்தில் சனம் பெருகி, காணியும் இல்லை வேலையும் இல்லை என்றானபோது, குளத்துக்குக் கீழே காட்டைக் கொடுத்து வெட்டி விதைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருடம், 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. காணி கிடைத்தது சொத்தாக இல்லை, பெர்மிட்டாக. நீ உழைக்கலாம், இருக்கலாம், உனக்குப் பின் ஒருவர் பெயரை எழுதி வைக்கலாம். நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது. முதல் வந்தவர்கள் மலேரியாவோடு காடு வெட்டினார்கள். நாற்பதுகளின் பிற்பகுதியில் டி.டி.ரி. நுளம்பு மருந்து அடித்த பிறகுதான் காய்ச்சல் குறைந்ததாம். அதற்குப் பிறகு, 1953இல், புங்குடுதீவில் இருந்து வந்தவர் என்னைப் பெற்ற அப்பு.

ஆள் பார்த்துக் காணி கொடுக்கும் காணிக் கச்சேரியில் அப்புவின் கையை விரித்துக் காட்டச் சொன்ன கதையை நீ நூறு தரம் கேட்டிருப்பாய். காய்ப்பு இருந்த கை. அதைப் பார்த்துத்தான் காணி தந்தார்கள் என்று அவர் சாகும்வரை சொன்னார். தீவில் மழைத்தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்துக் குடித்த மனிதர், வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தபோது இறங்கிப் படுத்தாராம்.

மலையகத்தில் இருந்து வந்தவர்களையும் எழுதச் சொன்னேன். 1977 கலவரத்துக்குப் பிறகு அடிபட்டு வந்த சனம் இந்த மண்ணில் எவ்வளவு வேலை செய்தார்கள். நம் வயலில் நாற்றுப் பிடுங்கிய கைகள் அவர்களுடையவை. எங்களுக்குக் கிடைத்த பெர்மிட் அவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. அப்போது நாங்களும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சிவன் கோயிலுக்கும் போனோம். காட்டுக்குள் கிடைத்த அந்தச் சதுர ஆவுடையாரைக் கண்டதும், "அப்ப எங்களுக்கு முதலே இஞ்ச ஆக்கள் இருந்திருக்கினம்" என்றாள் சின்னவள். ஓம், இருந்தார்கள். நாங்கள் காடு என்று நினைத்தது அவர்களுடைய ஊர்.

மூன்றாம் சனிக்கிழமை எங்கும் போகவில்லை. "கடைசிக் கல் எங்கட காணியில இருக்கு" என்று சின்னவள் சொல்லிவிட்டாள்.

மேற்கு மூலையில் நிற்கும் எல்லைக்கல்தான். 2010இல் நாங்கள் செட்டிக்குளம் முகாமில் இருந்து திரும்பியபோது நீ இங்கே இல்லை. கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளை எடுத்து, இனிப் போகலாம் என்று சொன்ன பிறகும் எனக்குக் காலை வைக்கப் பயம். வீடு இல்லை. வரம்பு தெரியவில்லை. ஆளுயரத்துக்குப் பற்றை. உன் அக்கா ஒரு கத்தியோடு உள்ளே போனாள். கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்தாள், அதில் இருந்து அடி வைத்து அளந்தாள். நாலு எல்லைக்கல்லில் மூன்றைப் பத்து நாளில் கண்டுபிடித்தாள். நாலாவது வாய்க்கால் கரையோடு போய்விட்டது. கை முழுக்க முள் கீறல். அந்த மாரிக்கே பாதி வயலை விதைத்தாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை, அந்தக் குழந்தைதான் இந்தச் சின்னவள்.

அவள் கல்லைக் கழுவி, இலக்கம் தெரியப் படம் எடுத்து, கீழே இப்படி எழுதினாள்: "இந்தக் காணியை 1953இல் வெட்டியவர் என் பூட்டன். 2010இல் மறுபடி வெட்டியவர் என் அம்மா." வாசித்துக் காட்டிவிட்டு, "அம்மம்மா, காணி அம்மாவின்ர பேரிலயோ இருக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி வைக்கப் போகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

மகன், உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பு தனக்குப் பின் காணிக்கு உரிய பின்னுரித்தாளராகப் பெரிய மாமாவின் பெயரைத்தான் போட்டிருந்தார். வீட்டில் இருந்து தண்ணீர் கட்டியவள் நான், நெல் காயவிட்டவள் நான். மாமா அப்போதே லண்டனில். ஏன் அப்பு என்று ஒருநாள் கேட்டதற்கு, பெண்பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்றார். உன் அம்மாச்சி அப்புவுக்கு முதலே போய்விட்டா. அப்பு போன பிறகு, ஆறு மாதத்துக்குள் வந்து காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது சட்டம். மாமா வரவில்லை. அதனால் எனக்கு வந்தது. அவர் வராததால் மிஞ்சியது எனக்கு. அன்று இரவு கிணற்றடியில் இருந்து அழுதேன். உன் அப்பா காணி கிடைத்த சந்தோசம் என்று நினைத்தார்.

அப்படி அழுத நானே 2004இல், சமாதான காலத்தில், பின்னுரித்தாளர் விண்ணப்பத்தில் உன் பெயரைப் போட்டேன். நீ ஸ்காபரோ போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கை நடுங்குகிறது என்று அந்த விண்ணப்பத்தை நிரப்பியது யார் தெரியுமா? உன் அக்கா. உன் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் அவள்தான் அழகாக எழுதினாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளை பெயர் இருந்தால் நீ ஒருநாள் திரும்பி வருவாய் என்று நினைத்தேன். அதற்கு அவளை விலையாகக் கொடுத்தேன். பெயர் எழுதாமல் ஒருவர் செத்தால் மகனுக்குப் பிறகுதான் மகள் என்றிருந்த வரிசையைக்கூட 2022இல் பாராளுமன்றத்தில் மாற்றிவிட்டார்கள். நான் மாற்றவில்லை.

தைப்பொங்கல் அன்று நீ, "அந்தக் காணி இப்ப என்ன விலை போகும் அம்மா?" என்று கேட்டாய். பெர்மிட் காணி என்பது உனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் கேட்டாய் என்றால் உனக்கு ஏதோ முடை. அன்றில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. வேலை போய்விட்டதா? வீட்டுக் கடனா? உனக்கும் மருமகளுக்கும் ஏதுமா? பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நான் சொன்ன அடுத்த நிமிடம் நீ பேச்சை முடித்தாய். கோபமா, வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. என்னவென்றாலும் சொல்லு. வங்கியில் இரண்டு சோடி காப்பு கிடக்கிறது, அது உனக்குத்தான் என்று அக்காவே சொல்கிறாள். அவளிடம் உன்னைப் பற்றி ஒரு குறை நான் கேட்டதில்லை.

வருகிற புதன்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். பழைய பெயரை நீக்கி அவள் பெயரைப் போட உன் கையெழுத்து தேவையில்லை என்று அங்கே சொன்னார்கள். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள். உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்னோடு சண்டை பிடி, அவளோடு வேண்டாம். நீ வந்தால் கிணற்றடி வீடு எப்போதும் உன் வீடு, அதற்குப் பெர்மிட் தேவையில்லை.

இந்தமுறை காலபோகம் பரவாயில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று கமக்காரர் கூட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை, எட்டாம் வாய்க்காலுக்குப் பங்கு உண்டு என்று கதை. அக்கா காலையில் இருந்து வரம்பு கட்டுகிறாள். நான் எழுதுகிற இடத்தில் இருந்து பார்த்தால் அவளுடைய தொப்பி மட்டும் தெரிகிறது. இப்போது சாப்பாடு கொண்டுபோக வேண்டும்.

சீனியைப் பார். இரவு எத்தனை மணியானாலும் எடு, நான் முழித்துத்தான் இருப்பேன். புதனுக்கு முன் எடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அம்மா