எழுதப்படாத 47 திருகாணிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விமான விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் விமானி தவறினாரா, இயந்திரம் பழுதானதா என்ற இரண்டு கேள்விகளோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. முந்தைய இரவு அந்த விமானத்தில் கைவைத்தவர்கள் எதை எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்பவர் குறைவு. விமானப் பராமரிப்புக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1991 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லரேடோவிலிருந்து ஹூஸ்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்ப்ரயர் பிரேசிலியா விமானம், உயரம் குறைத்து இறங்கிவரும் வேளையில் ஈகிள் லேக் அருகே வானிலேயே சிதைந்து விழுந்தது. அதிலிருந்த 14 பேரும் இறந்தனர். முந்தைய இரவு ஹூஸ்டன் பராமரிப்புக் கூடத்தில், வாலின் உச்சியில் படுக்கைவசமாக உள்ள சிறகின் முன்விளிம்பில், படியும் பனிக்கட்டியை உடைத்து அகற்றும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. மாலை ஷிஃப்டில் இருந்த ஆய்வாளர் ஒருவர், உதவும் எண்ணத்தோடு மேலே ஏறி, முன்விளிம்பைப் பிடித்திருக்கும் வலப்பக்க மேல்வரிசைத் திருகாணிகளைக் கழற்றினார்; பிறகு இடப்பக்க மேல்வரிசையையும் கழற்றினார். ஷிஃப்ட் மாறியது. நேரம் போதாததால் இரவு ஷிஃப்டில் வந்தவர்கள் வலப்பக்கத்தை மட்டும் முடித்தார்கள். இடப்பக்கத்தில் 47 திருகாணிகள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தரையிலிருந்து ஏறத்தாழ 20 அடி உயரத்தில் இருக்கும் அந்த இடம் கீழே நிற்பவர் கண்ணுக்கும் படாது. ஆய்வாளர் தாம் உதவியதை, அடுத்த ஷிஃப்டுக்கு விவரம் சொல்லும் ஒப்படைப்புத் தாளில் குறிக்கத்தான் செய்தார். ஆனால் அவர் குறிக்கும் முன்பே அடுத்த ஷிஃப்ட் ஆய்வாளர் அந்தத் தாளைப் பார்த்து முடித்திருந்தார். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட தகவலோ, அந்த வேலையைச் செய்யாத வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விடியற்காலை நினைவுக்கு வரும். ஒரு சக்கரக் கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹைட்ராலிக் குழாயின் நட் ஒன்றில் தற்செயலாக என் விரல் பட்டது. அது சுழன்றது. முந்தைய ஷிஃப்டில் ஒருவர் அதைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பானர் போட்டு இறுக்கும் முன் வேறு விமானத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறார். வெளியே பஸ் ஹாரன் அடித்தபோது போகிற போக்கில் ஒருவரிடம் சொல்லியும் இருக்கிறார். கேட்டவர் அன்று விடுப்பில் போய்விட்டார். வேலை முடியவில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டை கட்டப்படவில்லை, செய்த வேலையைப் பதியும் ஒர்க் கார்டில் ஒரு வரியும் இல்லை. அவர் அக்கறையில்லாதவர் அல்லர். எனக்குத் தெரிந்த நல்ல கைகளில் ஒன்று அவருடையது. நட்டை இறுக்கிய பிறகும் என் கை நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆகவேதான், இத்தகைய தவறுகளைத் தனிமனிதர் கவனக்குறைவு என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சஸ் விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள், பராமரிப்பு, ஆய்வுப் பணியாளர்கள் நடைமுறையைப் பின்பற்றாததையே முதன்மைக் காரணமாகக் கூறினார்கள். உறுப்பினர் ஜான் லாபர் மட்டும் மாறுபட்டு, நடைமுறைகளை மதிக்கும் பண்பாட்டை வளர்க்கத் தவறிய நிர்வாகமே காரணம் என்று பதிவு செய்தார். என் அனுபவம் அவர் பக்கமே நிற்கிறது. முதல் ஷிஃப்ட் முடிகிற நிமிடத்திலேயே அடுத்த ஷிஃப்ட் தொடங்கும்படி நேரம் வகுத்துவிட்டு, ஒப்படைப்பு ஒழுங்காக நடக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

இரண்டு ஷிஃப்டுகளும் அரைமணி நேரமாவது ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் தரப்படவேண்டும். ஒப்படைப்பு அலுவலக மேசையில் நடக்காமல் விமானத்தின் அடியில், ஏணி தேவைப்பட்டால் ஏணியின் மேல், கழற்றிய இடத்தை இருவரும் நேரில் பார்த்து நடக்கவேண்டும். கழற்றியதை அந்த இடத்திலேயே எழுதாமல் யாரும் கீழே இறங்கக்கூடாது. விமான நிறுவனங்களும், அவற்றைக் கண்காணிக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இதை வெறும் காகித விதியாக விடாமல், ஷிஃப்ட் மாறும் நள்ளிரவு நேரத்தில் கூடத்துக்கு நேரில் வந்து பார்த்து உறுதிசெய்யவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
பம்மல், சென்னை.