கடை பிடிக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டில் செய்து விற்கிற கேக்குக்கு வாரத்துக்கு எட்டு, பத்து ஆர்டர் வருகிறது, மதுரையில் மெயின் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கடை பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். அட்வான்ஸுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கு.

பெயர் எழுதி, டிசைன் காட்டிச் செய்யச் சொல்லும் கேக்கை யாரும் ரோட்டில் போகிற போக்கில் வாங்குவதில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். நீ கடை வைத்தாலும் வாட்ஸ்அப்பில்தான் வருவார்கள். கடைக்குள் நுழைகிறவர் கேட்பது பஃப்ஸ், பீஸ் கேக், கூடவே ஒரு டீ. அதற்குத் தினமும் காலையில் கண்ணாடிப் பெட்டி நிறைந்திருக்க வேண்டும், ராத்திரி மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். அது வேறு தொழில். ஆர்டருக்கு மட்டும் செய்கிறவளுக்கு விற்காமல் மிஞ்சிக் கொட்டுவது என்பதே கிடையாது. அந்த லாபத்தை நீயாக விட்டுக்கொடுக்காதே.

ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை கேக் எடுக்கலாம் என்பதை எல்லோரும் ஓவனை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கிலோ கேக்குக்கான ஸ்பாஞ்ச் ஓவனில் இருப்பது முக்கால் மணி நேரம். அதே கேக், ஸ்பாஞ்சாக முதல் நாள் ராத்திரியும், கிரீம் பூசியபின் டெலிவரி ஆகும்வரையும் ஃபிரிட்ஜில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டேப்பை எடுத்து உன் ஃபிரிட்ஜ் தட்டை அளந்து பார். ஒரு கிலோ கேக்குக்கு 10 அங்குலப் பெட்டி வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் பலவற்றில் ஒரு தட்டுக்கு ஒரு பெட்டிதான் நெருக்கடியில்லாமல் உட்காரும். உயரப் பெட்டி என்றால் மேல் தட்டையும் கழற்ற வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்தால் வருகிற எண்ணிக்கைதான் உன் ஒரு நாள் ஆர்டர். அதற்கு மேல் ஒன்று ஒப்புக்கொண்டால், அந்த ஒன்று வெளியே நின்று வியர்க்கும்.

இன்னொன்று, இட்லி மாவும் மீன் குழம்பும் இருக்கிற ஃபிரிட்ஜில் கிரீம் கேக் வைக்கவே கூடாது. கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். பெட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் வெண்ணிலா கேக்கில் பூண்டு வாடை வந்துவிடும். கேக்குக்கென்று தனி ஃபிரிட்ஜ் வந்ததும், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு ராத்திரி உள்ளே வை. 5 டிகிரிக்குக் கீழே காட்ட வேண்டும். திருகியில் இருக்கிற எண்ணை நம்பாதே.

ஓடிஜி என்கிற உன் மின்சார ஓவனுக்கும் இதே சந்தேகம் தேவை. சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கும். 170 என்று வைத்தால் உள்ளே 190 இருப்பது சாதாரணம். கேக் நடுவில் கூம்பாக எழுந்து வெடிக்கிறது என்றால் சூடு அதிகம்: ஓரம் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கிற மாவு மேலே முட்டிக்கொண்டு வருகிறது. வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கினால் வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது, அல்லது பாதியில் கதவைத் திறந்திருக்கிறாய். இரண்டு தட்டில் இரண்டு டின் ஒரே நேரத்தில் வைத்தால் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி வேகும். ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வை.

முட்டை சேர்க்காத எக்லெஸ் மாவை மட்டும் இரண்டு டின்னுக்கும் சேர்த்துக் கலந்து, ஒன்றன்பின் ஒன்றாக வேகவைக்காதே. தயிரோ வினிகரோ பட்டதும் சோடா பொங்கத் தொடங்கிவிடும். முதல் டின் வேகிற நேரத்தில் இரண்டாவது டின்னுக்கான காற்றெல்லாம் கிண்ணத்திலேயே போய்விடும், அந்த கேக் அடை மாதிரி வரும். உன் ஊரில் எக்லெஸ் தெரியாமல் முடியாது. வெள்ளிக்கிழமை, புரட்டாசி சனி, கிருத்திகை, கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள், எல்லோரும் முட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். முட்டை சேர்த்த மாவு தொட்ட பீட்டரைக் கழுவாமல் எக்லெஸ் மாவில் விடாதே. தனி பீட்டர், தனி ஸ்பாட்டுலா வைத்துக்கொள். மூஸ், சீஸ் கேக் கேட்டால் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது என்பதை மறக்காதே. சைவத்துக்கு அகர் அகர் (கடல்பாசி) போதும், கொஞ்சம் கட்டியாக நிற்கும், அவ்வளவுதான்.

இனி கிரீம். புகார் வருகிற கேக்குகளில் முக்கால்வாசிக்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஃப்ரோஸன் விப்பிங் கிரீம் பாக்கெட்டை முதல் நாளே ஃபிரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கு. அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் ஓரம் சூடாகி, நடுவில் கட்டியாக இருக்கும், அடித்தால் பொங்காது. லேசான ஐஸ் துகள் இருந்தால் நல்லதுதான். ஒருமுறை இளகியதைத் திரும்ப ஃபிரீஸரில் வைக்காதே. பாத்திரத்தையும் பீட்டரையும் கால் மணி நேரம் ஃபிரீஸரில் வைத்து எடு. சித்திரை, வைகாசியில் கீழே ஐஸ் போட்ட தட்டு வேண்டும், ஏசி அறையும் வேண்டும். மிதமான வேகத்தில் அடி. அதிவேகத்தில் அடித்தால் பெரிய குமிழ்கள் சேர்ந்து, பூசும்போது ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

எப்போது நிறுத்துவது? பீட்டர் போன தடம் மூடாமல் நிற்கும். தூக்கினால் முனை நிமிர்ந்து, நுனி மட்டும் லேசாக வளையும். பூசுவதற்கு இது போதும். பூ போடுகிற கிரீம் இன்னும் ஒரு சுற்று கெட்டியாக இருக்கலாம். இன்னும் அடித்துவிட்டால் மேல்பரப்பு பளபளப்பு போய், உதிர்ந்த ரவை மாதிரி ஆகும். கொட்டிவிடாதே. அடிக்காத கிரீமில் இரண்டு, மூன்று ஸ்பூன் விட்டு ஸ்பாட்டுலாவால் கையில் மடித்துக் கலந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடித்தது பற்றாமல் பூசினால் அப்போது அழகாக இருக்கும், சாயங்காலத்துக்குள் பக்கவாட்டில் தொப்பை விழும்.

பழம் வைக்கிற கேக்கில் தண்ணீர்தான் எதிரி. டின் அன்னாசியானாலும் வடிகட்டியில் அரை மணி நேரம் வடியவிடு. பச்சை அன்னாசி என்றால் சர்க்கரை சேர்த்து வேகவைத்த பிறகே உள்ளே போக வேண்டும். அதில் இருக்கிற நொதி ஜெலட்டினை உறையவிடாது, பால் கிரீமைக் கசக்க வைக்கும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவு விரிப்பு) முழுசாகப் போர்த்திய கேக் வேண்டும் என்று படம் அனுப்புவார்கள். விப்பிங் கிரீம் மேல் ஃபாண்டன்ட் போர்த்த ஒப்புக்கொள்ளாதே. கிரீமின் ஈரத்தில் அது உள்ளிருந்தே கரையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வெளியேயும் வியர்த்துப் பிசுபிசுக்கும், சிவப்பும் கறுப்பும் வழியும். அடியில் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) பூசி, விலை கூட்டிச் சொல். இல்லையென்றால் பொம்மை, எழுத்து, எண் இவற்றை மட்டும் இரண்டு நாள் முன்னாலேயே செய்து உலர்த்தி வைத்துக்கொண்டு, கேக் கிளம்புகிற நேரத்தில் மேலே வை. மினுமினுப்புத் தூள் டப்பாவில் ‘நான்-டாக்ஸிக்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுகிற பொருள் இல்லை. ‘எடிபிள்’ என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் எண்ணும் இருக்கிறதா பார். நிஜப் பூ கேட்டால் அரளி பக்கம் போகவே போகாதே, அது விஷம்.

ஆர்டர் எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியதை நம்பி மாவு கலக்காதே. ‘வர்ற வெள்ளி’ என்றால் ஒருவருக்கு நாளை மறுநாள், இன்னொருவருக்கு அடுத்த வாரம். ‘14ஆம் தேதி ராத்திரி 12 மணிக்கு வெட்டணும்’ என்பது இன்னும் மோசம். 13 முடிந்து 14 பிறக்கிற ராத்திரியா, 14 முடிகிற ராத்திரியா? பேசி முடித்ததும் ஒரே செய்தியாக எழுதி அனுப்பு: தேதி, கிழமை, எத்தனை மணிக்கு கைக்கு வர வேண்டும், எடை, ருசி, முட்டை உண்டா இல்லையா, மேலே எழுத வேண்டியது, மொத்த விலை, அட்வான்ஸ். பெயரை அவர்களையே டைப் செய்து அனுப்பச் சொல். அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ‘சரி’ என்ற பதிலும் பாதிப் பணமும் வந்தால்தான் அது ஆர்டர். மீதியை கேக் கிளம்பும் முன் வாங்கு. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதே, உன் கணக்கில் ஏறியதைப் பார்.

விலையைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தால், பக்கத்து பேக்கரி போர்டைப் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்கிறாய் என்று தெரிகிறது. உன் கணக்கை உன் பில்லில் இருந்து போடு. ஒரு கிலோ சாக்லேட் கேக்கை எடுத்துக்கொள். 4 முட்டை, 120 கிராம் சர்க்கரை, 100 கிராம் மைதா, 20 கிராம் கோகோ, 40 கிராம் எண்ணெய்: வெந்து வந்தால் ஏறக்குறைய 430 கிராம் ஸ்பாஞ்ச். சர்க்கரைப் பாகு 100, கிரீம் 350, கனாஷ் 100. மொத்தம் 980 கிராம், மேல் அலங்காரத்தோடு கிலோ. விலை உதாரணத்துக்கு: ஸ்பாஞ்சும் பாகும் 70 ரூபாய், கிரீம் 80, கனாஷ் 35, பெட்டி, போர்டு, மெழுகுவர்த்தி, கத்தி, ஸ்டிக்கர் எல்லாம் 65, கரண்ட் 25. ஆக 275. வழித்து விட்ட கிரீம், உடைந்த முட்டை, சீவி எடுத்த மேல்பகுதி எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் சேர், 300 ஆகிவிட்டது.

இதுவரை உனக்கு ஒரு பைசா வரவில்லை. மாவு கலப்பதில் இருந்து பாத்திரம் கழுவி, வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பேசி முடிப்பதுவரை மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 100 ரூபாய் வைத்தாலும் மொத்தம் 600. ஓவன், மிக்ஸர், ஃபிரிட்ஜ் தேய்மானமும் லாபமும் சேர்த்து நாலில் ஒரு பங்கு கூட்டினால் 750. இதை 550க்குக் கொடுத்தால் உன் கூலியிலிருந்தே 50 ரூபாய் விடுகிறாய், தேய்மானம் கணக்கிலேயே வரவில்லை. சொந்தக்காரர்களுக்குக் கூலியை விட்டுக்கொடு, 300க்குக் கீழே மட்டும் இறங்காதே.

எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதே. அடித்த கிரீம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. பார்க்க ஒரு கிலோ மாதிரி தெரிவது 800 கிராம்தான் நிற்கும். வெறும் போர்டைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, முடித்த கேக்கை எடை போட்டு, அந்தப் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பு. இந்த ஒரு பழக்கத்தாலேயே பேக்கரி விலையோடு உன்னை ஒப்பிடுகிற பேச்சு குறையும்.

டெலிவரியில் கேக் உடைவதற்கு ரோட்டைவிட பிடிக்கிற விதம்தான் காரணம். பைக் பார்சல் பையன் பெட்டியைக் கவரில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டுவான். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பெட்டி ஊஞ்சலாடும். அதனால் கைப்பிடிக் கவரே கொடுக்காதே. ஸ்கூட்டர் உள்ளவராகப் பார்த்துக் கால் வைக்கும் இடத்தில் தட்டையாக வைக்கச் சொல். கேக்கைப் போர்டில் வைக்கும் முன் நடுவில் ஒரு ஸ்பூன் கனாஷ் தடவு, போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் சறுக்காத மேட் துண்டு ஒன்று போடு. கிளம்பும் முன் குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல், அல்லது அடுக்கு கேக் என்றால் கார்தான். வாடிக்கையாளரே வந்து எடுத்தால் மடியிலும் சீட்டிலும் வைக்க வேண்டாம் என்று சொல். சீட் பின்பக்கம் சரிந்திருக்கும், காரின் தரைதான் மட்டம். ஏசி போட வேண்டும், டிக்கி வேண்டவே வேண்டாம். பெட்டியை மூடும் முன் ஒரு படம், மூடிக் கையில் கொடுக்கும்போது ஒரு படம் எடுத்து வை.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு உன் பகுதியில் எப்போது மின்சாரத்தை நிறுத்தப்போகிறது என்ற அறிவிப்பு முன்கூட்டியே வரும். அதைப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள். அன்றைக்குக் கிரீம் வேலை வைக்காதே, ஃபிரிட்ஜ் கதவையும் திறக்காதே. ஸ்பாஞ்சை முன்னாலேயே போட்டு, நன்றாக ஆறியதும் கிளிங் ராப் இரண்டு சுற்று சுற்றி ஃபிரீஸரில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். குளிர்ந்த ஸ்பாஞ்ச் உதிராமல் வெட்டவும் வரும்.

டிசம்பரில் பிளம் கேக்கை விடாதே. ஃபிரிட்ஜில் இடம் கேட்காது, வெயிலுக்குப் பயப்படாது, கூரியரில் போகும். உலர்பழத்தை அக்டோபரிலேயே ஊறப்போடு. மது வேண்டாம் என்பவர்களுக்குத் திராட்சை ஜூஸில் ஊறவைப்பதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து, சில நாளில் முடித்துவிடு. ஜூஸ் வெளியே இருந்தால் புளித்துப் பொங்கும்.

பதிவு இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைத் தள்ளிப்போடாதே. உன் அளவுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அவர்களுடைய ஃபோஸ்கோஸ் இணையதளத்தில் படிவம் ஏ, போட்டோ, அடையாளச் சான்று கொடுத்து நீயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் இருந்து வருகிறது, ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட்டுக்கு வேலையே இல்லை. 14 இலக்க எண் வரும். உணவு டெலிவரி ஆப்பில் சேரவும் அதைத்தான் கேட்பார்கள். ஸ்டிக்கரில் எக்லெஸ் கேக்குக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், முட்டை சேர்த்ததற்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். இரண்டையும் தனித்தனியாக அச்சடித்துத் தனித்தனி டப்பாவில் வை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் 14 இலக்கத்தையும் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார், முதல் தடவை 200க்கு மேல் அடிக்காதே.

அன்புடன்,
அக்கா