எஸ்டிமேட் போடும் முன் கரைக்கு வாருங்கள்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கண்மாய் மராமத்தைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும், கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுதாரர்கள் எழுதும் திறந்த மடல். வணக்கம்.

போன கோடையில் எங்கள் கண்மாயில் நடந்த தூர்வாரும் வேலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. அதன் பலன் இந்தத் தை மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. கரைக்கு இந்தப் பக்கம் நெல் காய்கிறது.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் வாய்க்கு நேர் எதிரே, மடையின் அடிக்கல்லைவிட மூன்றடி கீழே போய் மண் எடுத்திருக்கிறார்கள். அடிக்கல்லுக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். கீழே நிற்பது எத்தனை நாள் மடையைத் திறந்து வைத்தாலும் நகராது. ஓர் ஏக்கர் பரப்பில் மூன்றடிப் பள்ளம் என்றால் 1,30,680 கன அடி தண்ணீர். அதை வயலில் இரண்டு அங்குலம் கட்டினால், வாய்க்காலில் கசிவது போகப் பத்துப் பதினைந்து ஏக்கராவது நனையும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு தண்ணீர்தான் நெல்லுக்கும் பதருக்கும் நடுவே நிற்பது. இப்போது சொந்தக் கண்மாய்த் தண்ணீரை டீசல் இன்ஜின் வைத்து இறைக்கிறார்கள். இன்ஜினுக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் கரையில் நின்று பார்க்கிறார்கள்.

மாட்டுக்கும் மீனுக்கும் மடைமட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது உண்மைதான். அந்தக் குட்டத்தைக் கண்மாயின் உட்பரப்பான உள்வாயில், மடையையும் கரையையும் விட்டுத் தள்ளி, கால்நடை இறங்கி ஏறும் சரிவோடு வெட்ட வேண்டும். எந்த இடத்தில் என்று ஊரைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். எங்கள் கோரிக்கை இந்த ஒன்றுதான்: எஸ்டிமேட் எழுதும் முன் ஊரைக் கூட்டுங்கள். அலுவலகத்தில் வேண்டாம், கண்மாய்க் கரையில் கூட்டுங்கள்.

கரையில் கூடினால் என்ன தெரியும் என்று கேட்கலாம். வண்டல் எங்கே முடிகிறது, அதற்கடியில் களிமண் எங்கே மெலிந்து மணல் தட்டுகிறது என்பது கோடையில் மீன்பிடிக்க ஊத்தாக் கூடையோடு உள்வாய் முழுக்க நடந்த கால்களுக்குத் தெரியும். களிமண்ணைக் கிழித்துவிட்டால் கண்மாய் ஓட்டைப் பானைதான். கரையில் எந்த இடம் மழைக்காலத்தில் கசியும், மிகுநீர் வழியும் கலுங்குக்குக் கீழே எங்கே அரிக்கும் என்பது, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சி இரவில் காவல் கிடந்த நீர்பாய்ச்சிக்குத் தெரியும். இதெல்லாம் அளவுப் புத்தகத்தில் ஏறாத கணக்கு.

சீமைக் கருவேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாயில் இருப்பதைத் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்ந்து தழைக்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். கரைமேல் இருப்பதை இயந்திரத்தால் பிடுங்கிவிட்டு அப்படியே போனால், வேர் இருந்த துளை வழியாகத் தண்ணீர் ஊறிக் கரை உடையும். அந்தக் குழியில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். உலர்ந்த மண்ணை மேலே கொட்டி முகத்தை மட்டும் சமப்படுத்திய கரை ஐப்பசி மழைக்கு நிற்காது.

வேலையின் வரிசையும் தலைகீழாக இருக்கிறது. ஓர் ஏக்கரில் ஓரடி வண்டல் எடுப்பதென்றால், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 435 யூனிட்டுக்கு மேல் மண். அத்தனை மண்ணை அள்ளிவிட்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தே கிடந்தால் ஆழப்படுத்திய கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? முதலில் மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து நம் கண்மாய் வரை வரத்துக்கால், பிறகு மடையும் கலுங்கும், அதன்பின் கரை, கடைசியாக உள்வாய். வரத்துக்காலுக்குள் பல இடங்களில் பொக்லைன் இறங்காது. அங்கேதான் மண்வெட்டியோடு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

ஊராரே கூடிச் செய்யும் மராமத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அந்தச் சொல்லிலேயே குடி இருக்கிறது. வழக்கமான மராமத்துக்கு வராதவர்களை வரவைக்க வெள்ளைக்காரன் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். பாசனத்தை விவசாயிகளே மேலாண்மை செய்ய நம் சட்டமன்றம் 2000இல் சட்டம் இயற்றியது. 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ஆயக்கட்டுதாரர் பங்கு பத்துச் சதவீதம், அதை உழைப்பாகவும் தரலாம் என்று வைத்தார்கள். சட்டத்துக்கும் திட்டத்துக்கும் குறைவில்லை. வரத் தயாராக நிற்கும் எங்களைக் கூப்பிடத்தான் ஆளில்லை. தியாகராய நகரையும் வள்ளுவர் கோட்டத்தையும் ஏரிக்குள் கட்டிய மாநிலம் இது. தலைநகரத்தில் போன ஏரி போனதுதான் என்று விட்டாலும், ஊர் இன்னும் சாமியாகக் கும்பிடும் கண்மாயையாவது ஊரைக் கேட்டு வெட்டக் கூடாதா? கோபம் வருகிறது, மன்னிக்கவும். காய்கிற பயிரை அருகில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

கேட்பதைப் பணிவோடு மறுபடி கேட்கிறோம். பங்குனியில் தண்ணீர் வற்றி மீன்பிடி முடிந்ததும், மடைக் கருப்புக்குப் பொங்கல் வைத்து ஊர் முழுக்கக் கரையில் கூடும். அன்றைக்கு உங்கள் பொறியாளரை லெவல் கருவியோடு அனுப்பி வையுங்கள். நீர்பாய்ச்சி மடையின் அடிக்கல்லைக் காட்டுவார். அதையே மட்டமாக வைத்து உள்வாயை அளக்கட்டும். மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தைக் களிமண் போட்டுத் திமிசு செய்து மேடாக்கும் வேலையை எஸ்டிமேட்டின் முதல் வரியாகவும், வரத்துக்காலை இரண்டாவதாகவும் எழுதி, கூடியிருப்பவர்கள் முன் வாசித்துக் காட்டட்டும். ஆடி பிறப்பதற்குள் வேலை முடிய வேண்டும். புரட்டாசியில் பணம் வந்தால் மழைக்கு முன் ஈர மண்ணைக் கிளறத்தான் நேரம் இருக்கும்.

மண்வெட்டியும் கூடையும் நாங்கள் கொண்டு வருகிறோம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்; தண்டோரா போட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமடை முதல் கடைமடை வரை உள்ள ஆயக்கட்டுதாரர்கள்